மறு: ‘தண்டுக்குழு’வுக்குப் பதிலாகக் ‘கவட்டடிக் குழு’

அண்ணா, டீச்சர், எல்லோருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘stem group’ என்பதற்கு உள்ள ‘தண்டுக்குழு’வை விட்டுவிடுவோம். இன்று உயிரோடு இருப்பவை கிளை பிரியுமுன்பே தனியாகப் பிரிந்து அழிந்துபோன உறவுகளைத்தான் அது குறிக்கிறது. போன கிழமை உயர்தர உயிரியல் வகுப்பில் அழிந்துபோன ஆந்தைகளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன். “தாவரத் தண்டா, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். கலைச்சொல் பொருளைக் காட்ட வேண்டும், இது மறைக்கிறது.

அதற்குப் பதிலாக அண்ணா சொன்ன ‘மூதாந்தை’ காதுக்கு இனிமைதான். ஆனால் மூதாதை என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்து 2020இல் பெயரிடப்பட்ட பிரிமோப்டிங்ஸ் என்ற அழிந்த ஆந்தை ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டு பழையது. இன்றைய ஆந்தையின் கால் நகங்கள் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கோ பின்விரல் நகமும் இரண்டாம் விரல் நகமும் மட்டும் பெருத்து, பருந்தின் காலைப் போல இருக்கின்றன. இரையை அந்த நகங்களால்தான் கொன்றிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போதுள்ள ஆந்தைகளுக்கு இது பாட்டன் இல்லை. பக்கவாட்டில் கிளைத்து, பட்டுப்போன கிளை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கியூபாவில் ஒரு மீட்டர் உயரம் நின்ற ஓர்னிமெகலோனிக்ஸும் ஹவாய்த் தீவுகளில் நெட்டைக் காலோடு இருந்த கிராலிஸ்ட்ரிக்ஸும் அழிந்தவைதான். ஆனாலும் இரண்டுமே இன்றைய ஆந்தைக் குடும்பத்துக்குள் அடங்கும். ‘மூதாந்தை’ என்றால் பிள்ளைகள் இவற்றையும் சேர்த்துவிடுவார்கள்.

அதனால் வகுப்பைப் பள்ளிக்குப் பின்னால் உள்ள தேயிலை மலைக்கே கூட்டிப்போனேன். கவ்வாத்து வெட்டி முடித்திருந்த நேரம், செடிகளில் இலை இல்லை, கிளை பிரிகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தூரைக் காட்டி, “இந்தக் கவட்டிலிருந்து ஒரு பக்கம் கூகை, மறு பக்கம் ஆந்தை. இன்று உயிரோடு இருப்பவை எல்லாம் இந்த இரண்டு குடும்பத்துக்குள் அடங்கும்” என்றேன். பிறகு கவட்டுக்குக் கீழே, தூரை ஒட்டிக் காய்ந்து நின்ற ஒரு முண்டைத் தொட்டுக்காட்டினேன். பிரிமோப்டிங்ஸ் அங்கே. கியூபா ஆந்தையோ கவட்டுக்கு மேலே, ஆந்தைப் பக்கத்தில் காய்ந்துபோன ஒரு குச்சி. முதலில் கேட்ட அதே பிள்ளை, “அப்ப அழிஞ்சதா இல்லையாங்கிறது முக்கியமில்ல, எங்க பிரிஞ்சதுங்கிறதுதான் முக்கியம்” என்றாள். எனக்கு வேண்டிய வரையறை அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: கவட்டுக்குக் கீழே பிரிந்தவை ‘கவட்டடிக் குழு’, கவட்டிலிருந்து கிளைத்தவை அனைத்தும், காய்ந்தவை உட்பட, ‘கவட்டுமேல் குழு’. இந்த இரண்டாவதற்கு (‘crown group’) இருந்த ‘மகுடக்குழு’வும் தேவைப்படாது. கூகை, ஆந்தை என்று இரண்டு பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருப்பது பெரிய வசதி. இரண்டையும் ஒன்றாக எழுதும் பழக்கத்தைப் பாடக்குறிப்புகளில் நிறுத்த வேண்டும்.

கவடு என்றால் கால் இடுக்கை நினைப்பார்கள் என்று டீச்சர் தயங்கியது சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில் பலாமரத்துக் கவட்டில் ஏறி உட்காராத பிள்ளை இல்லை. மரத்தைக் காட்டிச் சொன்னால் யாருக்கும் வேறு நினைப்பு வரவில்லை.

பட்டியலில் கவட்டடிக் குழுவுக்கு எடுத்துக்காட்டாக ஒகிகோப்டிங்ஸ் என்ற அழிந்த ஆந்தையைப் போடலாம். கொலராடோவில் கிடைத்த, ஏறத்தாழ 6 கோடி ஆண்டு பழைய ஒரு கால் எலும்பைக் கொண்டுதான் அதை அறிகிறோம். கவட்டடிக் குழுவில் மிகப் பழையவற்றுள் ஒன்று. மூன்றாம் தவணைக் குறிப்பு அச்சுக்குப் போகுமுன் உங்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அண்ணா.