மன்மோகன் தேசாய்: ஒரே வருஷத்தில் நாலு படம் எப்படி?

கேள்வி:
1977இல் தரம் வீர், சாச்சா பதீஜா, பர்வரிஷ், அமர் அக்பர் அந்தோணி. நாலுமே இந்தி இயக்குநர் மன்மோகன் தேசாய் இயக்கம். எப்படிங்க முடிஞ்சது?

பதில் 1:
நாலும் அந்த வருஷமே எடுத்தது இல்லைங்க, வெளியீடுதான் ஒண்ணா குவிஞ்சது. அப்போ பம்பாயில் நடிகர்கள் ஷிப்ட் கணக்கில் பல படங்களுக்கு கால்ஷீட் கொடுப்பாங்க. ஆட்களும் பொதுவானவங்க: முதல் ரெண்டில் தர்மேந்திரா, மத்த ரெண்டில் அமிதாப், வினோத் கன்னா. அமர் அக்பர் அந்தோணி அவரோட சொந்தத் தயாரிப்பு.

பதில் 2:
கதை வார்ப்பும் ஒண்ணுதான். பிரிந்த குடும்பம், மாறிப்போன பிள்ளை. ஆனா யார் யாருடைய பிள்ளைன்னு ரசிகருக்கு முதல்லயே சொல்லிடுவார். அதனால எதிர்பார்ப்பு "யார்?" இல்லை, "எப்போ தெரியும்?" அமர் அக்பர் அந்தோணியில் வர்ற ரத்ததானக் காட்சியைப் பாருங்க: பிரிந்த மூணு பிள்ளைகள் ரத்தமும் மேலே ஏறி ஒரே பாட்டிலில் சேர்ந்து, அம்மாவா நடிச்ச நிருபா ராய்க்கு இறங்கும். புவியீர்ப்பும் இல்லை, மருத்துவமும் இல்லை! டைட்டிலே அங்கேதான் ஓடும். தமிழில் 'சங்கர் சலீம் சைமன்' (1978) இதே கதைதான்.

பதில் 3:
சரிவையும் சொல்லணும். 'கூலி' (1983) படப்பிடிப்பில், 1982 ஜூலையில், பெங்களூரில் அமிதாப்புக்கு வயிற்றில் பலத்த அடி. அடிபட்ட ஷாட்டை தேசாய் படத்தில் அப்படியே உறையவைத்து, அடிபட்டது இங்கேதான்னு எழுத்தும் போட்டார். நாயகன் சாகிற முடிவையும் மாத்தினார். 'மர்த்' (1985) ஓடியது. 1988இல் 'கங்கா ஜமுனா சரஸ்வதி' கவிழ்ந்தது. அதோட இயக்கத்தை விட்டுட்டார்.