வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஆண்டவர் சூப்பர்வைசர் மாதிரி தெரிகிறார்

செக்கிங் மேசை, ராணிப்பேட்டை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஷூ அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். வீடு காட்பாடி பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை.

எங்கள் லைனுக்கு முன்னால் ஒரு போர்டு உண்டு. மணிக்கு இத்தனை ஜோடி என்று மேலே டார்கெட், கீழே எத்தனை முடிந்தது என்ற கணக்கு. குறைந்தால் சிவப்பில் வட்டம் போடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து என் புத்தியும் அந்த போர்டு மாதிரியே ஆகிவிட்டது போல.

போன வருஷம் 31ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் டைரியின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதினேன். வேதாகமம் முழுதும் வாசிப்பது. காலை ஐந்து மணிக்கு ஜெபம். தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒன்று) தவறாமல் கொடுப்பது. அண்ணன் விஷயம். சர்க்கரைக்கு தினமும் நடை.

இப்போது எடுத்துப் பார்க்கிறேன். வாசிப்பு பிப்ரவரி இரண்டாம் வாரம் எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தில் நின்றது. (89 வசனம். பன்னிரண்டு பிரபுக்கள் ஒரே காணிக்கையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார்கள். அங்கே நின்றவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நம்புகிறேன்.) ஐந்து மணி ஜெபம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரங்களில் மட்டும், அதுவும் பாதி தூக்கத்தில். தசமபாகம் பள்ளி ஃபீஸ் கட்டிய ஜூனில் விட்டுப்போனது. அண்ணன் விஷயம் அப்படியே. நடை மட்டும் பரவாயில்லை, வேலூர் கோட்டை அகழியைச் சுற்றி வாரம் நாலு நாள்.

அன்றைக்கு சபையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் எடுப்போம்) சங்கீதம் 32:8. "உன்மேல் என் கண்ணை வைத்து" என்று வரும். வீட்டுக்காரி அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். வருஷம் முழுக்கத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கண் என்னைப் பார்த்தது. ஆறுதலாக இல்லை, லைன் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பது போலத்தான் இருந்தது.

என் கேள்வி இதுதான். இலக்கு எழுதி, வருஷக் கடைசியில் திரும்பிப் பார்ப்பது ஆண்டவரிடம் கிட்டப் போக உதவ வேண்டும் இல்லையா? எனக்கு ஏன் தூரம்தான் கூடுகிறது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஆம்பூர் பையன்

பிரைஸ் த லார்ட் அண்ணா. நான் பெந்தெகொஸ்தே, கொஞ்சம் நேராகப் பேசுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கே வேண்டாம் என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருவார்கள். கேட்காதீர்கள். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றான், தோன்றியபோது மட்டும் இல்லை.

ஆனால் உங்கள் திட்டம் உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவராது. வேதாகமத்தில் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால்தான் முடியும், ஒரு வாரம் நைட் ஷிப்ட் வந்தால் போச்சு. புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும், சனி ஞாயிறு மிச்சம். விட்டுப்போன நாளை மறுநாள் சேர்த்துப் படிக்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். பஸ்ஸில் ஆடியோவும் கேட்கலாம்.

வாலாஜா டீச்சர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எட்டாம் வசனத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினீர்கள், ஒன்பதாம் வசனத்தைப் படித்தீர்களா? வாரும் கடிவாளமும் போட்டு அடக்க வேண்டிய குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்காதே என்று வருகிறது. கடிவாளம் வேண்டாம், கண் ஜாடையே போதும் என்கிற உறவு அது. பந்தியில் அம்மா தூரத்திலிருந்து பார்க்கிற பார்வையிலேயே, இன்னொரு வடை கேட்கக் கூடாது என்று நமக்குப் புரியுமே, அந்த மாதிரி. அட்டையில் ஒரே வசனத்தை வெட்டிக் கொடுப்பதில் இதுதான் தொல்லை. முன்னும் பின்னும் தெரியாது. (எங்கள் சபையிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அட்டை இல்லாவிட்டால் ஜனங்கள் கோபித்துக்கொள்வார்களாம்.)

அதே சங்கீதத்தை முதலிலிருந்து வாசியுங்கள். மூன்றாம் வசனத்தில், பாவத்தை அடக்கிவைத்தபோது எலும்புகள் உலர்ந்தன என்கிறார் சங்கீதக்காரர். சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்ன பிறகுதான் அந்தக் கண் வருகிறது. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எண்ணாகமத்துக்கு அத்தனை வரி, அண்ணனுக்கு இரண்டு வார்த்தை. "விஷயம்", "அப்படியே." நாற்பது வருஷம் கட்டுரை திருத்தியவள், பிள்ளைகள் எதைத் தாண்டி ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு ஐந்தில் இருக்கிறது. டைரியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சேத்துப்பட்டு

நான் கத்தோலிக்கன், பழைய வட ஆற்காடுதான். எங்களிடம் இரவில் ஆன்மச் சோதனை, அதாவது அன்றைய நாளை ஜெபத்தில் திரும்பிப் பார்ப்பது, செய்யும் வழக்கம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த முறை. அதில் முதலில் வருவது பாவக் கணக்கு இல்லை, நன்றி. அப்புறம்தான் எங்கே தவறினேன் என்ற கேள்வி.

டிசம்பர் கடைசியில் இதையே வருஷத்துக்குச் செய்கிறேன். போனில் கேலரியைத் திறந்து ஜனவரியிலிருந்து மெதுவாகத் தள்ளுவேன். எந்தப் படத்தில் மனசு நிற்கிறதோ அங்கே நிறுத்தி, அதைப் பற்றி இயேசுவிடம் பேசுவேன். அரை மணி நேரம் போதும். இலக்குப் பட்டியலில் இல்லாதவைதான் அதிகம் வரும்.

வாலாஜா டீச்சர்

சேத்துப்பட்டுக்காரர் சொல்வது சரி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம் சபைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இந்தியாவில் தங்கவே கூடாது என்ற தீர்மானத்தோடுதான் அந்தப் பெண் திண்டிவனத்துக்குத் தாயைப் பார்க்க வந்தது. ஒரே ராத்திரியில் மூன்று கணவன்மார் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். பெண் மருத்துவர் இல்லை, ஆண் மருத்துவரை அவர்கள் விடவில்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். 1900இல் அவர் வேலூருக்கு டாக்டராக வந்து சேர்ந்தார். அந்த ராத்திரி எந்தப் பட்டியலில் இருந்தது?

செக்கிங் மேசை, ராணிப்பேட்டை

டீச்சரம்மா, உங்கள் முதல் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கோபம்தான், மறைப்பானேன்.

கேலரியைத் தள்ளிப் பார்த்தேன். ஆகஸ்டில் இருபது நாள் மாமியாரோடு ஆஸ்பத்திரி. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த இடத்தை எதற்கோ படம் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே காலை ஐந்து மணி என்று எந்தக் கணக்கும் இல்லை. கண் விழித்தபோதெல்லாம் ஜெபித்தேன். அந்த இருபது நாளை டைரியில் எங்கே எழுதுவது என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வராந்தாவில் அந்தக் கண் பயமாகவும் இல்லை, இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அண்ணன் பேரணாம்பட்டு பக்கம், அப்பா வீட்டில் இருக்கிறார். முப்பது சென்ட் நிலத்துக்காக ஆறு வருஷம் பேச்சு இல்லை. பாகம் பிரித்ததில் அவர் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்ன வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்திலும் சொன்னதில்லை. நேற்று ராத்திரி சொன்னேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு குடியாத்தம் வழியாகப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை, நிலத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அண்ணி ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல். எனக்கு சர்க்கரை என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கடைசி வரை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மறுபடி வருவதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆம்பூர் தம்பி, அந்த 260 கணக்கைக் குறித்துக்கொண்டேன். எண்ணாகமம் ஏழு அடுத்த வருஷமும் என்னிடமிருந்து தப்பித்துவிட்டது.