வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்: உறைகரைசல் லேசர்ப் படிவு?
(பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

வந்தாறுமூலை:
கையேடு வியாழன் அச்சுக்குப் போகுது. matrix-assisted pulsed laser evaporation என்ற முறைக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். பல்பகுதியத்தை (polymer) கரைப்பானில் 1–2 சதவீதம் கரைத்து, திரவ நைதரசனால் உறையவைத்து, வெற்றிட அறைக்குள் 248 நானோமீற்றர் லேசர்த் துடிப்புகளை அதன்மேல் விழுத்துகிறோம். கரைப்பான் ஒளியை உறிஞ்சி ஆவியாகிப் பம்பியோடு போய்விடும். பல்பகுதியம் எதிரேயுள்ள தகட்டில் மென்படலமாகப் படியும். "தாயத் துணைத் துடிப்பு லேசர் ஆவியாக்கம்" என்று எழுதிப் பார்த்தேன். வாய்க்குள் நுழையுதில்லை.

ஒலுவில்:
தாயம் வேண்டாம் தங்கச்சி. உயர்தரக் கணிதம் படித்த பிள்ளைக்குத் தாயம் என்றால் நிரையும் நிரலும். இங்கே அது உறைந்த கரைப்பான். "உறைகரைசல்" போடுங்க.

கல்லடி:
உறைகரைசல் வினைத்தொகை, "உறையும்" காலமும் அதற்குள் வரும். அறைக்குள் அது உறைந்தே இருக்கவேண்டும், இளகினால் வெற்றிடத்தில் கொதித்துத் தெறிக்கும். தாயத்தையும் தள்ளாதீங்க: matrix என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் தாய்தானே. புறநானூற்றில் தாயம் அரசுரிமை.

களுவாஞ்சிக்குடி:
ஐயா, அந்தத் தாயத்தை வடமொழி என்போரும் உண்டு. எனக்கு உறுத்துவது "ஆவியாக்கம்". ஆவியாவது கரைப்பான், பல்பகுதியம் அதோடு இழுபட்டுப் போகுது. 248 நானோமீற்றர் போட்டன் (ஒளித்துகள்) ஒன்றில் 5 இலத்திரன்வோல்ற்று சக்தி. காபன்–காபன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க 3.6 போதும். திண்மப் பல்பகுதியத்தில் நேரே அடித்தால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலி அறும், அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி. இதிலும் சக்தியடர்த்தியைக் கூட்டினால் துளிகள் தெறித்துப் படலம் கரடுமுரடாகும். குளோரோபோமில் கரைத்தால் கழியூதா (ultraviolet) ஒளியில் குளோரீன் மூலிகங்கள் (radicals) பிறந்து சங்கிலியைத் தாக்கும். "படிவு" என்றே முடியுங்க.

காத்தான்குடி:
"சீரொளி" இருக்க லேசர் எதற்கு?

ஒலுவில்:
கண் ஆஸ்பத்திரிக்குப் போற உம்மாவும் லேசர் என்றுதான் சொல்றா.

வந்தாறுமூலை:
சரி நானா, லேசர். biodegradable பல்பகுதியத்துக்கு "உக்கும்" போடவா?

களுவாஞ்சிக்குடி:
உக்கல் என்றால் நுண்ணங்கி வேலை. தையல் நூலாகவும் வரும் இலற்றிக்–கிளைக்கோலிக் பல்பகுதியம் உடலுக்குள் நீர்ப்பகுப்பால் அந்த இரண்டு அமிலங்களாகப் பிரியுது. உக்கும் நூலால் காயம் தைத்தார்கள் என்று எழுதினால் நோயாளி ஓடிவிடுவார். "உயிர்ப்பிரிந்தழியும்" பாருங்க.

ஒலுவில்:
அதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க முதலில். குப்பைத்தொட்டியில் எழுதியிருக்கும் "உக்கும்" எல்லாருக்கும் விளங்குது.

வந்தாறுமூலை:
மூன்று பேர் சம்மதம்: "உறைகரைசல் லேசர்ப் படிவு". உக்கும் இப்போதைக்கு நிற்கட்டும்.

காத்தான்குடி:
சீரொளியை அடிக்குறிப்பிலாவது போடுங்க.

கல்லடி:
கையேட்டின் பக்கம் 4இல் "இலக்கைச் சுழற்றாவிட்டால் ஒரே இடத்தில் குழி விழும்" என்று இருக்கு. செய்தி சரி. ஆனால் லேசர் அடிபடுகிற உறைகட்டிக்கு "இலக்கு" (target) என்ற பெயர் பொருந்துமா?