பிபி 152/96, மாத்திரை இல்லாம சாப்பாடு வாக்கிங்லயே கொறைக்க முடியுமா?

கோவை_மணி:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 41, உக்காந்தே பாக்குற வேலை. கம்பெனி செக்கப்ல பிபி 152/96, ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட காட்டுனப்பவும் கிட்டத்தட்ட அதேதான். சுகர் இல்ல, கிட்னிக்குப் பாக்குற கிரியாட்டினின், யூரின், ஈசிஜி எல்லாம் நார்மல், வெயிட் மட்டும் 84 கிலோ, உயரம் 168. டாக்டர் டெல்மிசார்டான் 40ங்கற பிபி மாத்திரை எழுதிக் குடுத்தாரு, மூணு மாசம் சாப்பாடு எக்சர்சைஸ்ல முயற்சி பண்ணிட்டும் முடிவெடுக்கலாம், உங்க இஷ்டம்னாரு. வீட்ல என்னடான்னா மாத்திரைய ஒருதடவ தொட்டா ஆயுசுக்கும் விட முடியாதுன்னு பயமுறுத்துறாங்க. யாராச்சும் மாத்திரை இல்லாமலே கொறைச்சிருக்கீங்களா?

திருச்சி பார்மசிஸ்ட்:
தம்பி, உங்க நிலைமைல முயற்சி பண்றது நியாயம்தான். சுகர் இல்ல, கிட்னி நல்லாருக்கு, அதனாலதான் டாக்டரே டைம் குடுத்திருக்காரு. இதே 160/100க்கு மேல இருந்தாலோ சுகர், கிட்னி, ஹார்ட் பிரச்சனை கூட இருந்தாலோ மாத்திரையும் போட்டுக்கிட்டேதான் வாக்கிங் போகணும்.

எவ்ளோ கொறையும்னு கேட்டீங்கன்னா, வெயிட் ஒரு கிலோ எறங்குனா மேல் பிபி, அதாவது உங்க 152/96ல அந்த 152, சுமாரா 1 எறங்கும், வாரத்துல அஞ்சு நாள் அரைமணி நேரம் மூச்சு வாங்குற அளவுக்கு வேகமா நடந்தா 5லருந்து 8 வரைக்கும், உப்பக் கொறைச்சா இன்னொரு 5. அமெரிக்காவுல 1997ல டேஷ்னு ஒரு டயட்ட வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, காய், பழம், கொழுப்பு கம்மியான பால் தயிர் நெறைய, அதுல பிபி இருந்தவங்களுக்கு மேல் அளவு 11 கிட்ட கொறைஞ்சுது. ஆனா இதெல்லாத்தையும் அப்படியே கூட்டிப் பாத்துராதீங்க, எல்லாம் சேந்து பண்ணாலும் அந்த மொத்தக் கணக்கு வராது. 150ல இருக்கவர் 135க்கு வர வாய்ப்பு இருக்கு, 175ல இருக்கவருக்கு இது மட்டும் பத்தாது.

அப்புறம் மாத்திரை பழகிரும்ங்கற பேச்சு. விட்டா திரும்ப ஏறுதுன்னா உள்ள பிபி இன்னும் இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். வெயிட் நல்லா கொறைச்சு டாக்டரே டோஸ கொறைச்ச ஆளுங்கள கடைல நெறைய பாக்குறேன்.

சேலம்_சுமதி:
தம்பி, நடக்குறத விட முதல்ல உங்க வீட்டு உப்பு டப்பாவ பாருங்க. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேர் இருக்க வீட்டுக்கு மாசம் 600 கிராம்தான் வரணும், ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாசத்துல காலியாச்சுன்னா ஆளுக்கு 8 கிராமுக்கு மேல போகுது, ஊறுகா அப்பளம் மோர்மொளகா கருவாடு ஹோட்டல் சாம்பார் எதுவும் இந்தக் கணக்குலயே இல்ல. பாக்கெட் பிரிச்ச தேதிய பேனாவால மூடி மேல எழுதி வைங்க, மாசக் கடைசில தெரிஞ்சிரும். என் வீட்டுக்காரருக்கு நான் இப்படித்தான் பண்ணேன், இட்லி மாவுல பாதி, சாதம் வடிக்கையில சுத்தமா நிறுத்திட்டேன், மோர்ல உப்புக்குப் பதிலா சீரகம் கறிவேப்பில. கொஞ்ச நாள் சப்புன்னு இருக்குன்னு மொணங்குனாரு, இப்ப வெளிய சாப்ட்டா கரிக்குதுங்கறாரு. அவருக்கு மாத்திரை நிக்கல, ரெண்டா இருந்தது ஒண்ணாச்சு, அதுவே எங்களுக்குப் பெருசு.

நெல்லை_அருண்:
அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னுதான் எழுதுறேன். எங்கப்பா பிபி நார்மலாயிருச்சுன்னு யார்கிட்டயும் கேக்காம மாத்திரைய நிறுத்திட்டு பச்சப்பூண்டு, முருங்கக்கீர சூப்புன்னு இருந்தாங்க, தலவலி இல்ல மயக்கம் இல்ல, நல்லாத்தான் நடமாடுனாங்க, ஒரு நாள் காலைல பல்லு வெளக்கும்போது பிரஷ் கையவிட்டு நழுவி விழுந்துச்சு, வாய் கோணிப்போச்சு. இப்பவும் வலது கை சரியா வரல. பிபி ஏறுனா ஒடம்பு காட்டிக்குடுக்கும்னு தயவுசெஞ்சு நம்பாதீங்க. மெஷின் வாங்கி வீட்லயே பாருங்க.

கோவை_மணி:
அருண் தம்பி, அப்பா சீக்கிரம் தேறணும். அக்கா, இன்னைக்கே டப்பா மேல தேதி போட்டாச்சு. இந்துப்புக்கு மாறுனா பிரச்சனை இல்லங்கறாங்களே? கடைல லோ சோடியம் சால்ட்டும் இருக்கு. வீட்ல எப்படி அளக்கணும்னும் சொல்லுங்க சார்.

திருச்சி பார்மசிஸ்ட்:
இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், கலர்தான் வேற. லோ சோடியம் உப்புல சோடியத்துல ஒரு பங்குக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும், பிபிக்கு நல்லதுதான், ஆனா கிட்னி கோளாறு இருக்கவங்களும் டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை போடுறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம தொடக்கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டா ஹார்ட்டயே பாதிக்கும். மூட்டுவலிக்கு டைக்குளோபினாக் வாங்கி வாங்கிப் போடுறது, இருமலுக்கு அதிமதுரம் தெனமும் மெல்லுறது, ரெண்டுமே பிபிய ஏத்தும்.

அளக்குறதுக்கு மேல்கைல கட்டுற மெஷின் வாங்குங்க. காப்பி குடிச்சு அரைமணி நேரமாவது ஆகணும், யூரின் போயிட்டு, முதுகு சாஞ்சு, கால் தரைல படுற மாதிரி அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்துட்டு, கைய நெஞ்சு மட்டத்துல டேபிள் மேல வச்சு ரெண்டு தடவ எடுங்க. ஒரு வாரம் காலைல சாயங்காலம் எழுதி அத டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்ல சராசரி 135/85க்குக் கீழ வரணும். மூணு மாசத்துல வரலன்னா மாத்திரைய ஆரம்பிச்சிருங்க, வாக்கிங்க நிறுத்தாதீங்க. நடுவுல 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, பிபி எவ்ளோ இருந்தாலும் பேச்சு கொழறுனாலோ ஒரு பக்கம் கை கால் இழுத்தாலோ நேரா 108தான்.