ஹிப்-ஹாப்பை எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கில் சேர்க்கலாமா?

காட்பாடி_டர்ன்டேபிள்:
எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் டிஜே போட்டி வைக்கிறார்கள். விதிமுறையில் 'எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் மட்டும்' என்று போட்டு, கீழே ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், ஹிப்-ஹாப் என்று அடுக்கியிருக்கிறார்கள். ஹிப்-ஹாப் இந்த வரிசையில் வரக் கூடாது என்பது என் கட்சி. ஹவுஸ் நிமிஷத்துக்கு 120, 130 அடியில் ஓடும். நாலு அடிக்கும் கிக் (டிரம்மின் கனமான அடி) விழும், நிற்காது. ஹிப்-ஹாப் பெரும்பாலும் 80-லிருந்து 100-க்குள். கிக்கும் ஸ்னேரும் (டிரம்மின் கூர்மையான அடி) இடம்விட்டு விழும். அந்த இடம் மேலே ராப் பேசுகிறவனுக்கு. இரண்டுக்கும் ஒரே அளவுகோலில் மார்க் போட்டால் எப்படி?

குடியாத்தம்_808:
வேகத்தை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள் அண்ணா. 1982-இல் நியூயார்க் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா குழுவின் 'பிளானட் ராக்' பாட்டு வந்தது. ஜெர்மனியின் எலக்ட்ரானிக் குழு கிராஃப்ட்வெர்க்கின் மெட்டு, ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் தாளம், மேலே ராப். வேகம் 125-க்கும் மேல். அது ஹிப்-ஹாப் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மயாமி பேஸ் என்ற ராப் வகை அந்த வழியில் வந்ததுதான். டெட்ராய்ட்டில் டெக்னோவுக்கு அடித்தளம் போட்ட ஹுவான் அட்கின்ஸ், அதே காலத்தில் சைபோட்ரான் குழுவில் செய்துகொண்டிருந்ததும் இதே மெஷின் தாள இசையான எலக்ட்ரோதான். இது ஒரே குடும்பம்.

அரக்கோணம்_மைக்:
தம்பி, நீ 1982-இல் ஆரம்பிக்கிறாய். கதை அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் தொடங்குகிறது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520. டிஜே கூல் ஹெர்க் பார்ட்டியில் இசை போட்டார். அவரிடம் டிரம் மெஷினும் இல்லை, சிந்தசைசரும் இல்லை. இரண்டு டர்ன்டேபிள், ஃபங்க் ரெக்கார்டுகள், ஒரு மைக். ரெக்கார்டில் இருந்த தாளம் மனிதர்கள் கையால் வாசித்தது. 1979-இல் ராப் முதன்முதலாகப் பெரிய ஹிட் ஆனபோதுகூட ஸ்டுடியோவில் பின்னால் வாசித்தது ஆட்கள்தான். மெஷின் பிறகு வந்து சேர்ந்த வசதி.

எங்கள் ஊர்க்காரர், ராப் பாடகர் அறிவு மேடையேறினால் பறையும் கானாவும் ராப்பும் சேர்ந்து வருகின்றன. அதில் மெஷின் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அவர் என்ன சொல்கிறார் என்றுதான் காது கொடுக்கிறோம். உன் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் மேளம் அடித்தால் தெருவே ஆடும். கூத்திலும் மேளம் உண்டு, ஆட்டம் உண்டு. ஆனால் விடியவிடிய உட்கார்ந்திருப்பவன் கதைக்காக உட்கார்ந்திருக்கிறான். ராப் அந்தப் பக்கம்.

குடியாத்தம்_808:
அண்ணா, பாட்டு நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் துண்டை ஹெர்க் எதற்காக நீட்டினார்? ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிப் போட்டது, அந்த இடம் வந்ததும் தரையில் இறங்கி ஆடிய பி-பாய்களுக்காக. கவிதைக்காக அல்ல. ஆட்டம்தான் முதலில், ராப் அதன்மேல் வளர்ந்தது. அதனால் 'டான்ஸ்' ஹிப்-ஹாப்புக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

எலக்ட்ரானிக்தானா என்று கேட்டால், 1988-இல் அகாய் எம்பிசி-60 வந்த பிறகு ஹிப்-ஹாப் தயாரிப்பாளனுடைய வாத்தியமே சாம்ப்ளர்தான், அதாவது ரெக்கார்டிலிருந்து ஒலியை வெட்டி எடுத்து வாசிக்கும் மெஷின். 'ஆமென் பிரேக்' எடுத்துக்கொள்ளுங்கள். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிவு செய்த பாட்டில் ஆறு விநாடி டிரம். அமெரிக்காவில் பல ராப் பாட்டுகள் அதன்மேல் நின்றன, இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற வேகமான டான்ஸ் இசை பெரும்பாலும் அதன்மேல் நின்றது. (வாசித்த டிரம்மர் கோல்மனுக்கு ராயல்டி வரவே இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.)

சத்துவாச்சாரி_சவுண்டு:
பசங்களா, பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவன் கண்ணில் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே சப்-வூஃபர்தான் இறக்குகிறேன். ஆனால் டிஜே நைட் என்றால் மேடைக்கு மானிட்டர் போட்டால் போதும். ராப் என்றால் மைக் சுத்தமாகக் கேட்க வேண்டும், பேஸ் சொல்லை மூடக் கூடாது. சொல் புரியவில்லை என்றால் முதல் வரிசையே சத்தம் போடும். ஹவுஸ் ஓடும்போது ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

காட்பாடி_டர்ன்டேபிள்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். 808 தம்பி, நீ காட்டிய ஆமென் பிரேக் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. ராப்பில் அதைச் சுழலவிட்டு மேலே ஆளை நிறுத்தினார்கள். ஜங்கிளில் அதையே துண்டு துண்டாக வெட்டி 160-க்கு மேல் ஓட்டினார்கள்; ஆளுக்கு அங்கே வேலை குறைவு, வெட்டப்பட்ட டிரம்தான் நாயகன். மூலப்பொருள் ஒன்று, செய்த பண்டம் வேறு.

போட்டியிலும் அப்படித்தான். ஹவுஸ் டிஜே இரண்டு பாட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் இணைப்பு தெரியாமல் கலக்க வேண்டும். ஹிப்-ஹாப் டிஜே சட்டென்று வெட்டி மாற்றுவான், ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஸ்கிராட்ச் செய்வான், அதுதான் அவன் திறமை. ஒருவனை இன்னொருவன் விதியில் அளக்காதீர்கள். எலக்ட்ரோவையும், ஹவுஸ் தாளத்தில் ராப் வரும் ஹிப்-ஹவுஸையும் சேர்த்துக்கொள்ளட்டும், தடையில்லை. மற்றதற்குத் தனிப் பிரிவு வைக்கட்டும்.

அரக்கோணம்_மைக்:
தனிப் பிரிவு வைத்தால் நானே பேர் கொடுக்கிறேன். அதில் மைக்கில் ராப் சொல்லும் எம்சிக்கும் இடம் வேண்டும்.

குடியாத்தம்_808:
தனிப் பிரிவு என்றால் எங்களை மத்தியானம் வெயிலில் தள்ளிவிடுவார்கள் அண்ணா, ராத்திரி மேடை ஹவுஸுக்கே போகும். அப்புறம் டிராப் (trap) எந்தப் பக்கம்? அட்லாண்டாவின் ராப், தாளம் முழுக்க 808. 70 என்று எண்ணினால் தலை ஆடும், 140 என்று எண்ணினால் கால் ஆடும். நான் பொதுப் பிரிவிலேயே பேர் கொடுக்கிறேன். 'பிளானட் ராக்'கில் தொடங்கி வேகத்தை மாற்றாமல் சிகாகோ ஹவுஸுக்குள் போகிறேன். தாளம் எங்கே தடுக்குகிறதோ அங்கே மார்க்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.