தொடை எலும்பு முறிவுக்குப் பிறகு காலில் பலம் வர என்ன செய்யலாம்?

அடையாறுவாசி: பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கால் மட்டும் சூம்பிப்போய் மாடிப்படி ஏறினாலே நடுங்குகிறது. பெசன்ட் நகர் மணலில் நடந்தால் சீக்கிரம் தேறுமா?

மயிலைக்காரர்: மணல் இப்போது வேண்டாம் சார், கால் புதைந்து முட்டி திரும்பிவிடும். நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி சமமான பாதை போதும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். வீட்டில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள், அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பார்க்க சப்பையாக இருக்கும், தொடைக்கு நல்ல வேலை.

தாம்பரம் பிசியோ: மறுநாளும் வலி குறையவில்லை என்றால் அளவைக் குறைக்கவும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

சுண்டல்பிரியை: முட்டை, பருப்பு, சுண்டல் சேருங்க. வெறும் ரசம் சாதத்தில் தசை வளராது!