நீங்கள் எழுதிய அசிங்க் ஃப்ரேம்வொர்க் உங்களையே கவிழ்த்த அனுபவம் உண்டா?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
இங்கே ஒரு மாங்கூழ் ஆலையின் குளிர்பதன அறை சென்சார்களுக்காக, பைத்தானின் அசிங்க்ஐஓ (பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் லைப்ரரி) மேல் ஒரு குட்டி ஃப்ரேம்வொர்க் கட்டி கிட்ஹப்பில் போட்டிருந்தேன். (பெயரைக் கேட்டு அப்பா "என்னடா அசிங்கம்?" என்றார்.) ஈவென்ட் லூப் என்பது எல்லா வேலையையும் முறை வைத்து ஓட்டும் ஒற்றைச் சுற்று, ஒன்று வழி விடாவிட்டால் மற்றதெல்லாம் நிற்கும். ஜூன், சீசன் உச்சம். திரையில் 32 கட்டங்கள், நொடிக்கொரு தரம் எண் மாறும். திடீரென்று 32-ம் ஒன்றாக நின்றன. ஒன்று நின்றால் ஒயரைப் பார்க்கலாம், எல்லாமே நின்றால்? சூப்பர்வைசர் அண்ணன் "கரண்ட் போயிடுச்சா தம்பி?" என்று ஃபேனைப் பார்த்தார், அது பாட்டுக்குச் சுற்றுகிறது. ஐந்து நொடியில் எல்லாம் சேர்ந்து ஓடின. யாரோ ஒரு கல்லூரிப் பையன் அனுப்பிய ரீட்ரை கோடில் அவெய்ட் அசிங்க்ஐஓ ஸ்லீப்புக்குப் பதில் டைம் ஸ்லீப், அடைப்புக்குள் 5. முன்னது மற்றவற்றுக்கு வழி விட்டுக் காத்திருக்கும், பின்னது லூப்பையே 5 நொடி நிறுத்திவிடும். டீக்கடையில் நின்றபடி போனில் பார்த்து அதை மெர்ஜ் செய்தது (என் கோடோடு சேர்த்தது) நான்.

ஓசூர்_ரோடு:
சக்கரத்தை ஏன் மறுபடி கண்டுபிடிக்கிறீர்கள்? அசிங்க்ஐஓ 2014-லேயே பைத்தான் 3.4-உடன் வந்துவிட்டது, அதே மாதிரி ஃப்ரேம்வொர்க்கான ட்விஸ்டட் அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் மூத்தது. அதைப் பயன்படுத்த வேண்டியதுதானே.

பாலக்கோடு_தக்காளி:
எனக்கு நின்றதே தெரியவில்லை, அதுதான் கொடுமை. தக்காளி மண்டி விலையை அனுப்பும் டாஸ்க் ஒன்று இருந்த இடம் தெரியாமல் போனது, எர்ரர் இல்லை, லாக் இல்லை. விடிகாலை ஒரு வியாபாரி போன் போட்டு "நேத்து விலையே வருதேப்பா" என்றார். கிரியேட் டாஸ்க் திருப்பித் தரும் டாஸ்க்கை நாமே ஒரு செட்டில் (தொகுப்பில்) பிடித்து வைக்க வேண்டும், லூப் அதை வீக் ரெஃபரன்ஸாக (அழியாமல் காக்காத பிடியாக) மட்டும்தான் வைத்திருக்கும், இல்லாவிட்டால் பாதியில் குப்பையோடு குப்பையாகப் போகலாம். டாக்குமென்டில் இருக்கிறது. யார் படித்தார்கள்.

தொப்பூர்_கணவாய்:
ஓசூர் நண்பரே, அவர் அசிங்க்ஐஓ மேல்தான் கட்டினேன் என்று முதல் வரியிலேயே சொல்கிறார், படித்துவிட்டுத் திட்டுங்கள். என் கதை சின்னது. லாரி ஜிபிஎஸ். தொப்பூர் இறக்கத்தில் சிக்னல் போன வண்டி இரவு முழுக்கத் திரையில் பச்சையாகவே நின்றது, டிரைவரோ சேலம் தாண்டிப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்முனை போனது தெரியாமல் இந்த முனை மட்டும் உயிரோடிருக்கும், பாதி செத்த கனெக்‌ஷன். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) போட்டாலும், நீங்கள் மாற்றாவிட்டால் முதல் தட்டு 7200 நொடி கழித்துத்தான், அதை நம்பாதீர்கள், உங்கள் புரோட்டோகாலிலேயே 30 நொடிக்கொரு பிங் வையுங்கள். கேட்காமலே சொல்கிறேன், ரைட் செய்த கையோடு டிரெய்னை (பஃபர் வடியும்வரை காத்திருப்பதை) அவெய்ட் செய்யுங்கள், இல்லையென்றால் எதிர்முனை மெதுவானால் பஃபர் ஊதி உங்கள் மெமரி காலி. வெளியார் கோடை மெர்ஜ் செய்யும் முன் அசிங்க்ஐஓவின் டீபக் மோடில் ஒரு தரம் ஓட்டுங்கள், 100 மில்லிநொடிக்கு மேல் லூப்பைப் பிடித்து வைப்பவர் யாரென்று அதுவே லாக்கில் காட்டிக்கொடுக்கும். அப்புறம் அந்தப் பையனைத் திட்டாதீர்கள், டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
டீபக் மோட் போட்டுப் பார்த்தேன் அண்ணா. முதலில் மாட்டியது பையன் இல்லை. லாக் ஃபைலில் எழுதும் ஃபங்ஷன், 0.4 நொடி. நான் எழுதியது.